மூடி போட்ட சத்தம்

எனக்கும் என் அக்காவுக்கும் சண்டை வந்தது ஒரு ஸ்டாண்டால். சொத்துக்காக அடித்துக்கொள்கிற உடன்பிறப்புகளைப் பார்த்திருப்பீர்கள். எங்களுக்குச் சொத்து கிடையாது, அதனால் இருந்ததை வைத்து அடித்துக்கொண்டோம்.

இருந்தது ஒரு தொலைநோக்கி. என் சலூனுக்கு முடி வெட்ட வந்துகொண்டிருந்த கல்லூரி ஆசிரியர் ஒருவர் ஊர் மாறிப் போகும்போது, "பெட்டியில எடமில்லப்பா, நீயே வச்சுக்கோ" என்று கொடுத்துவிட்டுப் போனார். அதுவரை மழை வருமா என்று பார்ப்பதற்காக மட்டும் அண்ணாந்து பார்த்தவன் நான். முதல் முறை அதில் நிலாவைப் பார்த்தபோது பிளந்த வாய் மூடவே இல்லை என்று அக்கா இன்றைக்கும் கிண்டல் செய்வாள். அதிலிருந்து கடையைச் சாத்தியதும் நேராக மாடிதான். ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிற நான், எனக்கு முடி வெட்டிக்கொள்ள மறந்து அலைந்தேன்.

அக்காவுக்கு நட்சத்திரம் ஆகாது. "அதுபாட்டுக்கு ஒரே எடத்துல நின்னு மினுக்கிக்கிட்டு இருக்கு. அதுல என்னடா இருக்கு பாக்க?" என்பாள். அவளுக்கு விமானம். விமான இருக்கைகளுக்கு உறை தைக்கிற பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். அவள் தையல் மெஷினுக்கும் ஓடுபாதைக்கும் நடுவே ஒரு தகரச் சுவர்தான் இருந்தது. தலைக்கு மேலே ஒரு விமானம் போனால் போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடி வருவாள். "அதோ போகுது பாரு. அதுல ஜன்னலோரத்து சீட்டெல்லாம் என் கை பட்டது. எந்த மகராசனோ சாஞ்சு தூங்கிக்கிட்டுப் போறான். தையல் பிரியுமா? பிரியாது!" என்று தனக்குத்தானே பாராட்டு விழா நடத்திக்கொள்வாள்.

இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்கு அமையவில்லை. எனக்கு அக்காவைத் தனியாக விட மனம் வரவில்லை என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். என் வாய்க்குப் பயந்து யாரும் வரவில்லை என்பதுதான் நிஜம். ஆக, ஒரு வீடு, ஒரு மாடி, ஒரு தொலைநோக்கி, அதற்கு ஆள் இரண்டு.

பல மாதங்களாக அக்காவுக்கு அந்தப் பழைய ஸ்டாண்டின் மேல் ஒரே புகார். "இழுக்குதுடா. நான் ஒரு பக்கம் திருப்பினா அது ஒரு பக்கம் நிக்குது. விமானம் கையில சிக்க மாட்டேங்குது." நானும் பார்த்தேன். அவள் சொன்னது பொய்யில்லை. விமானம் ஒரு இடத்தில் போய்க்கொண்டிருக்கும், தொலைநோக்கியின் குழாய் அதற்கு ரொம்பப் பின்னால் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு வரும். முடி வெட்டும் மெஷினுக்குப் போடுகிற எண்ணெயை எடுத்து வந்து எல்லா மூட்டிலும் விட்டேன். ஸ்டாண்டு வழுக்கிக்கொண்டு சுற்றியது. குழாய் மட்டும் அப்போதும் விமானத்துக்குப் பின்னால்தான் போனது.

"விமானம் பாக்க டெலஸ்கோப் எதுக்குக்கா? தலையத் தூக்கினா போதாதா?" என்று ஒருநாள் எரிச்சலில் கேட்டுவிட்டேன். அன்றைக்கு அவள் கீழே இறங்கிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு, அல்லது நான் கவனித்தது அதற்குப் பிறகு, அக்கா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசுவாள், ஏசுவாள், சிரிக்கவும் சிரிப்பாள். ஆனால் பார்வை என் முகத்தில் இருக்காது. என் காதைப் பார்த்துப் பேசுவாள். சில நேரம் தோளுக்குப் பின்னால் சுவரில் யாரோ நிற்பதுபோல அங்கே பார்த்துச் சொல்வாள். என் தொழிலில் நாள் முழுக்க ஆட்களைக் கண்ணாடியில் பார்த்துத்தான் பேச்சு. யார் யாரை நேராகப் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குச் சட்டென்று உறைக்காது. உறைத்தபோது, கோபம்தான், வேறென்ன, நான் கேட்ட கேள்வி அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

ஊசி நூலைத் தொடுவதையும் அந்தச் சமயத்தில்தான் விட்டாள். என் சட்டையில் பித்தான் போனபோது, "வாழ்க்க பூரா தைச்சாச்சு, நீயே தைச்சுக்கோ" என்று தூக்கி எறிந்தாள். அதையும் அந்தக் கோபத்தின் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

கடைசியில் பழைய ஸ்டாண்டின் பல்சக்கரம் ஒன்று தானாக உடைந்தது. புதிது வாங்கியே ஆக வேண்டும் என்றாயிற்று. அங்கேதான் சண்டை சூடு பிடித்தது. எனக்கு நட்சத்திரத்துக்கு ஏற்றது வேண்டும், அவளுக்கு விமானத்துக்கு ஏற்றது.

நகரத்தின் பழைய கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் தொலைநோக்கிக் கடை இருந்தது. கடைக்காரருக்கு நான் வைத்த பெயர் சனி. திட்டி வைத்ததல்ல. யார் போனாலும், "இருட்டினதும் வாங்க, மொதல்ல சனியக் காட்டறேன், வளையத்தோட" என்பார். ஸ்டாண்டை அவர் மவுண்ட் என்பார். அந்தச் சனியிடம் முந்தின நாளே நான் தனியாகப் போய் விஷயத்தைக் காதில் போட்டு வைத்திருந்தேன். அக்காவை அழைத்து வருவேன், இரண்டையும் காட்டுங்கள், கடைசியில் நட்சத்திர மவுண்ட்தான் நல்லது என்று நீங்கள் சொல்வதுபோலச் சொல்லிவிடுங்கள் என்று ஏற்பாடு. அவரும் கண்ணடித்தார்.

மறுநாள் பிற்பகல் எங்கள் குழாயைத் துணியில் சுற்றிக்கொண்டு இருவரும் போனோம். படியேறும்போது அக்கா கைப்பிடிச் சுவரை விடாமல் பிடித்துக்கொண்டாள். முட்டிவலி என்றாள்.

சனி எங்களைக் கடைக்குப் பின்னால் இருந்த திறந்த மாடிக்கு அழைத்துப் போய் இரண்டு மவுண்ட்களை நிறுத்தினார். "பாருங்கம்மா, நட்சத்திரம் துருவ நட்சத்திரத்தச் சுத்தி மெதுவா வட்டம் போடுது. இந்தச் சாஞ்ச மவுண்ட்ட அதுக்கு நேரா ஒருதரம் வச்சிட்டா, இந்த ஒரே திருகத் திருப்பிக்கிட்டே இருந்தா போதும். நட்சத்திரம் கண்ண விட்டுப் போகாது."

"விமானம்?" என்றாள் அக்கா.

"விமானத்தப் பிடிக்கப் போனீங்கன்னா குழாய் ஒரு பக்கம் கோணிக்கும், நீங்க ஒரு பக்கம் கோணிக்குவீங்க. தரையில படுத்துத்தான் பாக்கணும். இது இன்னொண்ணு, நேர் மவுண்ட். மேல, கீழ, இடம், வலம், அவ்வளவுதான். நம்ம கழுத்து திரும்பற மாதிரி. விமானம், பறவை எது வேணா பிடிக்கலாம். ஆனா நட்சத்திரம் இதுல நழுவிக்கிட்டே இருக்கும், ரெண்டு பக்கமும் தள்ளிக்கிட்டே இருக்கணும்."

"ரெண்டுக்கும் சேத்து ஒண்ணு கெடையாதா?"

"இருக்கும்மா, மோட்டார் வச்சது. அதெல்லாம் வாங்கறவங்க என் கடைப் படி ஏற மாட்டாங்க" என்று சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, ஏற்பாட்டின்படி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "என்னக் கேட்டா, டெலஸ்கோப்புன்னாலே நட்சத்திரத்துக்குத்தான்."

"உங்களக் கேக்கல" என்றாள் அக்கா. "ஒருதரம் அந்த நேர் மவுண்ட்டுல எங்க குழாய மாட்டுங்க. நான் பாத்துட்டுச் சொல்றேன்."

சனி குழாயை மாட்டி, திருகுகளை முறுக்கினார். அதற்குள் கடையில் யாரோ கூப்பிட, "இதோ வந்துட்டேன்" என்று உள்ளே போனார். நான் முறைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றேன். அக்கா தலையைச் சாய்த்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "வருதுடா" என்றாள். கொஞ்சம் கழித்துத்தான் எனக்கும் அந்த இரைச்சல் கேட்டது.

அவள் கைப்பிடியைப் பிடித்துக் கண்ணை வைத்தாள். குழாய் மெல்ல எழுந்து, நின்று, பிறகு ஒரே சீராக நகர ஆரம்பித்தது. ஓர் இடத்தில் கூடத் திக்கவில்லை. இருக்கை உறையின் வளைவான ஓரத்தை ஊசிக்கு அடியில் திருப்புகிறவளின் கை அது. திரும்பி வந்த சனி வாசலிலேயே நின்றுவிட்டார். "என்ன கை சார் இது!" என்றார் என்னிடம்.

"ஆகா! இப்பப் பாரு!" என்று கண்ணை எடுக்காமலே கத்தினாள் அக்கா. "வழுக்கிக்கிட்டுப் போகுதுடா. வால்ல செவப்புக் கோடு. சக்கரத்த எறக்கிட்டான். ஜன்னலெல்லாம் வரிசையாத் தெரியுது, எண்ணிடலாம் போல. நான் சொன்னேன்ல? எல்லாம் அந்தப் பழைய ஸ்டாண்டு பண்ண வேல!"

நான் அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு மேல் போன விமானத்தின் வால் பச்சையாக இருந்தது. குழாய் எங்கே பார்க்கிறது என்று முன்பக்கம் வந்து நின்றேன். அது விமானத்துக்கு ரொம்பப் பின்னால், வெறும் வானத்தில் இருந்தது. அதைவிட, குழாயின் வாயில் கறுப்பு மூடி அப்படியே இருந்தது. வீட்டில் துணி சுற்றும்போது நானே போட்டது. யாரும் கழற்றவில்லை.

அக்கா இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டில் சிரிப்பு. நான் சனியைப் பார்த்தேன். அவரும் மூடியைப் பார்த்துவிட்டார்.

எனக்கு அங்கேயே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஸ்டாண்டு இழுக்கவில்லை. அவள் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள். சத்தம் நம் காதுக்கு வந்து சேர்வதற்குள் விமானம் முன்னால் போய்விடும். அதனால்தான் எத்தனை எண்ணெய் விட்டும் குழாய் பின்தங்கியே வந்தது. ஊசி நூலும், படியும், முட்டிவலியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. என் அக்காவுக்குக் கண் தெரியவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் மூட்டுகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

சனி என் முழங்கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். "பாவம் சார்" என்றார் தாழ்ந்த குரலில். "அப்ப நீங்க கேட்ட சாஞ்சதயே கட்டிடறேன். அவங்களுக்கு இனிமே எதுவா இருந்தா என்ன?"

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனாலும் அந்த ஆளை அடிக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. "நேர் மவுண்ட்டயே கட்டுங்க" என்றேன்.

"நீங்கதானே நேத்து..."

"நேத்து சொன்னத விடுங்க. இத கட்டுங்க."

அக்காவிடம் போய், நீதான் ஜெயிச்ச, விமான மவுண்ட்தான் என்றேன். "அப்படி வா வழிக்கு" என்றாள் என் காதைப் பார்த்து. பிறகு, துணி எடுக்கப் போனால் மடிப்பை நீவிப் பார்க்கிற பழக்கத்தில், குழாயின் மேல் உள்ளங்கையை வைத்து முன்பக்கம் வரை மெதுவாக நீவிக்கொண்டு போனாள். கை விளிம்பைத் தாண்டி மூடியில் போய் நின்றது.

"மூடி இருக்கே" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் சனி, "இப்பத்தாம்மா போட்டேன். தூசி படக் கூடாதுல்ல" என்றார். நல்ல மனிதர். அவருக்கு வைத்த பெயரை அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

"ஓ" என்றாள் அக்கா.

பஸ்ஸில் வரும்போது அவள் பேசவே இல்லை. மடியில் குழாயை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாகக் கண்டக்டரிலிருந்து முன் சீட்டுக் குழந்தை வரை எல்லோரோடும் வம்பளப்பாள். நான் வெயில், கூட்டம் என்று எதையோ உளறிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், "இப்பவே மாட்டு. இன்னும் வெளிச்சம் இருக்கு" என்றாள். மாடியில் மவுண்டை நிறுத்திக் குழாயை மாட்டினேன். அந்தி மஞ்சளாக இருந்தது. இந்த முறை மறக்காமல் மூடியைப் பிடித்து இழுத்தேன். டப் என்று கழன்றது.

"இதான்" என்றாள் அக்கா.

"எதுக்கா?"

"இந்தச் சத்தந்தான். இத்தன பெரிய மூடிய மாட்டினா இன்னும் பலமா கேக்கணும். அவரு போட்டேன்னாரு. எனக்குக் கேக்கலயேடா."

"கடையில ஒரே இரைச்சல்க்கா..."

"யாருகிட்ட? தகரச் செவத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்து எந்த இஞ்சினுன்னு சொன்னவகிட்டயா?" குரல் உயர்ந்து, சட்டென்று இறங்கியது. "மூடி போட்ட டெலஸ்கோப்புல நான் செவப்புக் கோடு பாத்திருக்கேன். ஜன்னல் எண்ணியிருக்கேன். கடைக்காரரு சிரிச்சாரா?"

"இல்லக்கா."

"நீ?"

"இல்லக்கா" என்றேன்.

அவள் மாடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "துணியில மெஷின் எண்ணெய் சிந்தினா நடுவுல கற பிடிக்கும்ல, அந்த மாதிரிடா. எங்க பாத்தாலும் நட்டநடுவுல அந்தக் கற வந்து நிக்குது. சுத்தி ஓரம் மட்டும் தெரியும். டாக்டர்கிட்ட தனியாத்தான் போனேன். போனத திரும்பக் கொண்டுவர முடியாதுன்னுட்டாரு. மிச்சத்தக் காப்பாத்த மருந்து குடுத்திருக்காரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா கடையச் சாத்திட்டு என் கையப் பிடிச்சுக்கிட்டு உக்காருவ. அது ஒண்ணு." கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பின் ஓரத் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "அப்புறம், இந்த டெலஸ்கோப்பத் தொட்டா, 'ஒனக்கெதுக்குக்கா இது'ன்னு கேப்ப. கோவத்துல கேட்டா தாங்கிடுவேன்டா. பரிதாபப்பட்டுக் கேட்டுடுவியோன்னுதான் பயமா இருந்துது. ஸ்டாண்டு மேல பழியப் போட்டேன். அப்புறம் எனக்கே ஸ்டாண்டுதான் சரியில்லன்னு தோண ஆரம்பிச்சிடுச்சு. புதுசு வாங்கினா விமானம் கண்ணுக்குத் தெரிஞ்சிடும்னு நம்பித்தான் வந்தேன், தெரியுமா?"

கடையில் அந்த மனிதர் "பாவம் சார்" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் பயந்ததும் அதே வார்த்தைதான்.

அவள் தலையைச் சாய்த்தாள். "வருது" என்றாள் பழக்க தோஷத்தில். ஆனால் எழுந்திருக்கவில்லை.

நான் அவள் கையைப் பிடித்துத் தூக்கினேன். "வாக்கா. சத்தத்துப் பின்னாடி போகாத. சத்தம் லேட்டா வருது. இன்னும் முன்னாடி தள்ளு. இன்னும்... அங்கதான்." அவள் கைமேல் என் கையை வைத்து, குழாயின் மேல் குறி பார்ப்பதற்காக இருந்த சின்னக் குழலில் விமானத்தைப் பிடித்து, இருவருமாகத் திருப்பிக்கொண்டே போனோம். "இப்பப் பாரு. நேரா பாக்காத. மங்கலான நட்சத்திரத்த நாங்க அப்படித்தான் பாப்போம், கொஞ்சம் ஓரமா பாத்தாத்தான் தெரியும்."

"அது எனக்கு நீ சொல்லித் தர வேண்டியதில்ல" என்று கண்ணை வைத்தாள்.

விமானம் தலைக்கு மேல் வந்து, இறங்கி, கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்தது. மவுண்ட் ஒரு குறையும் இல்லாமல் கடைசி வரை கூடவே போனது. அக்கா கண்ணை எடுக்க நேரமாயிற்று.

"தெரிஞ்சுதாக்கா?"

"ஓரத்துல வெள்ளையா ஒண்ணு நழுவிப் போச்சு. விமானமா தூசியான்னு தெரியல."

"விமானந்தான்க்கா."

"வால் என்ன நெறம்?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். "நீலம்" என்றேன். அது நீலம்தான்.

"சரி" என்றாள். "இனிமே நீ சொல்லிடு. நானா ஒரு நெறம் அடிக்க வேண்டாம்."

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. முதல் நட்சத்திரம் வந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு அதைப் பார்க்கத் தோன்றவில்லை. மூடியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே, பல மாதமாக மனதில் இருந்ததைக் கேட்டேன். "அப்ப என்மேல கோவம் இல்லையா?"

"ஒன்மேல எதுக்குக் கோவம்?"

"முகம் குடுத்துப் பேசறதே இல்லையே நீ. காதப் பாத்துப் பேசற, செவத்தப் பாத்துப் பேசற."

அவள் சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. என் முன்னால் வந்து நின்று, இரண்டு விரலால் என் தாடையைப் பிடித்து, பார்வையை மட்டும் என் காதுக்கு அப்பால் கொண்டுபோனாள்.

"நேரா பாத்தா நீ இல்லடா. அந்த எடத்துல கறதான் இருக்கு. இப்படித் தள்ளிப் பாத்தாத்தான் நீ வர்ற."

என் கடைக்கு வருகிறவர்களிடம் நாள் முழுக்க ஒரே ஒரு விஷயத்தைத்தான் கெஞ்சிக் கேட்பேன், கொஞ்ச நேரம் ஆடாமல் இருங்கள் என்று. அவள் என் தாடையைப் பிடித்து, சுவர்ப் பக்கம் பார்வையை வைத்துக்கொண்டு, என்னைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தாள். "முடி இவ்ளோ வளந்துடுச்சா? வெள்ளையா வேற தெரியுது" என்றாள். கண்ணில் வந்ததைத் துடைக்கக் கூட நான் கையைத் தூக்கவில்லை. அவள் பார்த்து முடிக்கிற வரை ஆடாமல் நின்றேன்.